தவராசாவின் படத்துக்குக் கீழே நான் வைத்த விளக்கு

நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரத்தில், பென்ரோஸ் பகுதியில் உள்ள ஓர் அட்டைப்பெட்டி ஆலையில் முப்பது வருடங்கள் வடிவமைப்பாளனாக இருந்தேன். பிஸ்கட்டுக்கும் தேனுக்கும் வைட்டமின் மாத்திரைக்கும் பெட்டி வரைந்தேன். உங்களில் சிலர் இப்போது அதே நாற்காலிகளில் உட்கார்ந்திருக்கிறீர்கள். என் அனுபவங்களை எழுதச் சொல்லிக் கேட்டபோது, விருது வாங்கிய அந்தத் தேன் பெட்டியைப் பற்றி எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அதைப் பற்றிச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. வேலையை விடுவதற்கு முந்தைய வருடம் ஒரு மாணவர் குழுவின் இசைத்தட்டுக்கு உறை செய்தேன். அதில் ஒரு பிழை செய்தேன். பிழை என்று சொல்வதுகூடச் சலுகைதான். படிக்கும்போது தெரியும்.

அந்தக் குழுவில் ஒருத்தியான மைதிலி பல்கலைக்கழகத்தில் இசை படித்துக்கொண்டிருந்தாள். கடைசி வருடத்தில் நான்கு மாணவர்கள் சேர்ந்து ஒரு தொகுப்பை இசையமைத்து, தட்டாக வெட்டி, உறையும் செய்து ஒப்படைக்க வேண்டும். பாட்டைப் போலவே உறைக்கும் மதிப்பெண் உண்டு. அவளுடைய அம்மா வசந்தாவைக் கோயிலில் பார்த்துப் பழக்கம். அந்த அறிமுகத்தில் ஒரு மத்தியானம் மைதிலி எங்கள் ஆலையின் சாப்பாட்டு அறைக்கு வந்தாள். கூடவே டிரம்ஸ் வாசிக்கும் சியோனே என்ற டோங்கா இளைஞன். அவன் கதவுக்குள் வரக் குனிய வேண்டியிருந்தது.

"அங்கிள், எங்களிட்ட ஒரு வாய்ஸ் இருக்கு" என்று தொடங்கினாள் மைதிலி.

அது அவளுடைய அப்பாவின் குரல். தவராசா வன்னியில் ரேடியோ திருத்தும் கடை வைத்திருந்தவர். டேப் ரெக்கார்டர் ஒன்றைத் திருத்தி முடித்ததும், வேலை செய்கிறதா என்று பார்க்கத் தன் குரலையே பதிந்து போட்டுக் கேட்பாராம். போரின் கடைசி மாதங்களில் அவர் காணாமல் போனார். மைதிலிக்கு அப்போது ஐந்து வயது. உயிரோடு இருக்கிறார் என்றோ இல்லை என்றோ யாரும் இதுவரை சொல்லவில்லை. வசந்தா குழந்தையோடு எங்கெங்கோ அலைந்து கடைசியில் ஆக்லாந்துக்கு வந்தபோது அவளுடைய பையில் இருந்தவை ஒரு கேசட்டும் ஒரு புகைப்படமும்.

மைதிலி தன் போனில் அந்தப் பதிவைப் போட்டுக் காட்டினாள். இரைச்சலுக்கு நடுவே ஓர் ஆண் குரல்: "ஒண்டு, ரெண்டு, மூண்டு. கேக்குதோ? இப்ப கேக்குதோ?" தூரத்தில் ஒரு பெண் சிரித்துக்கொண்டே, "கேக்குது, கேக்குது. சோறு ஆறுது, வாங்கோ" என்கிறாள். அது வசந்தா. அந்த இருபது விநாடிகளை வைத்துத்தான் தொகுப்பு முழுவதையும் கட்டியிருந்தார்கள். பெயரும் 'கேக்குதோ'.

பிறகு புகைப்படத்தை எடுத்து மேசையில் வைத்தாள். சிறிய கடை, நிறைய ரேடியோக்கள், காதில் ஸ்குரூ டிரைவரைச் செருகியபடி சிரிக்கும் மெலிந்த மனிதர். ஓரத்தில் காத்துக்கொண்டிருக்கும் வாடிக்கையாளரின் பாதி முழங்கை.

"முன்பக்கம் இந்தப் படம். அப்படியே, முழுசா" என்றாள் ஆங்கிலத்தில். "பின்பக்கம் பழைய ரேடியோவின் முதுகுத் தகடு மாதிரி, துளைகளோடு. உள்ளே நான்கு பக்கச் சிறு புத்தகம்." தாளில் பென்சிலால் வரைந்தும் கொண்டு வந்திருந்தாள். முதல் தடவை செய்கிறவளுக்கு மிக நல்ல திட்டம்.

"முழங்கையை வெட்டலாமே?" என்றேன்.

"நோ வே. தட்ஸ் த பெஸ்ட் பிட்" என்றான் சியோனே. "பாவம், இன்னும் அவருடைய ரேடியோ வரவில்லை."

மைதிலி சிரித்தாள். பிறகு தமிழுக்கு மாறினாள். அம்மாவின் வார்த்தையை அவள் எப்போதும் தமிழில்தான் சொல்வாள். "அம்மா ஒண்டுதான் சொன்னவ, அங்கிள். கேசட்டைத் தாறன், ஆனா அப்பாவை இல்லாத ஆளாக் காட்டக் கூடாது எண்டு. லேட் எண்டு போடக் கூடாது. இன் மெமரி எண்டு போடக் கூடாது. இல்லாட்டி கேசட் இல்லை."

"ஓம், ஓம். விளங்குது" என்றேன்.

இங்கே உங்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தார் வீடுகளில் ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாள் அவருடைய நினைவாக ஒரு சிறு புத்தகம் அச்சிட்டு வந்தவர்களுக்குக் கொடுப்பது வழக்கம். இந்த ஊரில் அப்படிப் பல புத்தகங்களை நான்தான் வடிவமைத்துக் கொடுத்தேன். ஆலை வேலை முடிந்த பிறகு வீட்டில் இருந்து செய்வேன். முதல் பக்கம் எப்போதும் ஒன்றுதான். முகத்தை மட்டும் முட்டை வடிவத்தில் வெட்டி எடுப்பது, பின்னால் மெல்லிய ஒளி, கீழே எரிகிற குத்துவிளக்கு. நம் ஆட்கள் யார் அந்தப் பக்கத்தைப் பார்த்தாலும், எழுத்தைப் படிக்காமலே இறந்தவர் என்று தெரிந்துகொள்வார்கள்.

தவராசாவின் உறையை நான் அப்படித்தான் செய்தேன். கடையும் ரேடியோக்களும் முழங்கையும் போயின. முகம் மட்டும் முட்டை வடிவத்துக்குள் வந்தது. கீழே விளக்கு. 'நினைவாக' என்று ஒரு சொல் இல்லை. கேட்டபடி சொற்கள் எல்லாம் சரியாக இருந்தன.

அதை முதலில் பார்த்தவள் நித்யா. கோயம்புத்தூர்ப் பெண், எங்களோடு சேர்ந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. என் நாற்காலிக்குப் பின்னால் தேநீரோடு நின்றாள்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. இது எங்க ஊர்ல சுவத்துல ஒட்டுற அஞ்சலி போஸ்டர் மாதிரி இருக்கு."

"இது இசைத்தட்டு உறை அம்மா."

"அது தெரியுது சார். அந்தப் பொண்ணோட அப்பா இறந்துட்டாரா?"

"உனக்கு எங்கட ஆக்களைப் பற்றித் தெரியாது" என்றேன். அவள் தேநீரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அதற்கு மேல் அவள் எதுவும் பேச முடியாதபடி நான் சொல்லியிருந்தேன். அந்த வாக்கியத்தை உங்களிடம் யாராவது சொன்னால், அவர் எதையோ ஒளிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த உறைகளை ஆலை எங்களுக்காக இலவசமாக அச்சிட ஒப்புக்கொண்டிருந்தது. பிஸ்கட் பெட்டிகளின் ஓர் அச்சு ஓட்டத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே வியாழக்கிழமை ஓர் இடைவெளி இருந்தது. அதை விட்டால் மாணவர்களின் ஒப்படைப்பு நாளுக்குப் பிறகுதான் அடுத்தது. செவ்வாய்க்கிழமை மைதிலிக்குப் புரூஃபை அனுப்பினேன். உடனே கூப்பிட்டாள்.

"அங்கிள், பியூட்டிஃபுல். ஆனா கடை எங்க?"

"இருட்டுப் படம் பிள்ளை, அச்சில தெரியாது. முகம்தான் முக்கியம்."

"இந்த லாம்ப் ஏன்?"

அவள் இங்கே வளர்ந்தவள். உறவினர்கள் கனடாவிலும் லண்டனிலும் சிதறிக் கிடக்கிறார்கள். ஒரு செத்தவீட்டுக்கும் போனதில்லை. விளக்கு என்றால் அவளுக்குக் கோயில், தீபாவளி.

"வடிவுக்குத்தான்" என்றேன்.

"அம்மாவுக்கு ஒருக்காக் காட்டட்டோ? அவவுக்கு வெள்ளிக்கிழமை வரைக்கும் நைட் ஷிஃப்ட். சனிக்கிழமை வேணுமெண்டா..."

"சனிக்கிழமை எண்டா இடைவெளி போயிடும். அடிச்சு முடிய முழுசாக் கொண்டுபோய்க் காட்டு. சந்தோசப்படுவா."

அவள் ஒப்புதல் கையெழுத்துப் போட்டு அனுப்பினாள். வியாழக்கிழமை நூறு உறைத் தாள்கள் அச்சாகி வந்தன. நிறம் அற்புதமாக வந்திருந்தது. மாலையில் மைதிலி ஒன்றைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகும் பாபகூரா ரயிலில் ஏறினாள்.

மறுநாள் காலை வரவேற்பறையில் வசந்தா நின்றாள். அவள் விரி என்ற பகுதியில் ஒரு கிடங்கில் பொதி கட்டும் வேலை செய்கிறாள். இரவு ஷிஃப்ட் முடிந்து நேரே வந்திருந்தாள். மஞ்சள் பாதுகாப்பு மேலாடை, கனத்த சப்பாத்து, நெற்றியில் எப்போதும் போலப் பெரிய குங்குமப் பொட்டு. கையில் அந்தத் தாள்.

"வாங்கோ தங்கச்சி, இருங்கோ."

அவள் இருக்கவில்லை. தாளை வரவேற்பு மேசையில் விரித்தாள். மூலைகள் சுருளாமல் இருக்கப் பேனாத் தாங்கியையும் தன் சாவிக் கொத்தையும் எடுத்து வைத்தாள். விரலை விளக்கின் மேல் வைத்தாள்.

"அண்ணை, இவருக்கு ஆர் விளக்கு வைச்சது?"

விரலை எடுக்காமலே அவளே தொடர்ந்தாள்.

"நான் வைக்கேல்லை. இவரைப் பெத்தவ ஊரில இருக்கிறா, அவவும் இன்னும் வைக்கேல்லை. பதினைஞ்சு வருசமா எத்தினை பேர் எனக்குப் புத்தி சொல்லியிருப்பினம்? பொட்டை அழி, திவசத்தைச் செய், பிள்ளைக்கு நல்லது எண்டு. அவையள் எல்லாம் வாயாலதான் சொன்னவை. நீங்கள் அச்சடிச்சுப் போட்டியள்."

"கைப்பழக்கம் தங்கச்சி" என்றேன். "நிறைய நினைவுப் புத்தகம் செய்து செய்து கை தானாப் போயிட்டுது. குறை நினையாதேங்கோ."

அவள் நம்பினாளா என்று தெரியவில்லை.

"கேசட்டைத் தாங்கோ."

தட்டின் நடுவில் ஒட்டும் வட்டத்துக்காக அந்தக் கேசட்டைப் படமெடுக்க வாங்கி வைத்திருந்தேன். எடுத்துக் கொடுத்தேன். மேலாடைப் பைக்குள் வைத்து அதன் பொத்தானைப் பூட்டினாள். தாளை மேசையிலேயே விட்டுவிட்டு, சாவிக் கொத்தை எடுத்துக்கொண்டு ரயில் நிலையத்தை நோக்கி நடந்தாள்.

மத்தியானம் மைதிலியும் சியோனேயும் வந்தார்கள். அவளுடைய கண்கள் வீங்கியிருந்தன. அழுது முடித்திருந்தாள். இப்போது கோபம் மட்டும்தான் மிச்சம்.

"வடிவுக்குத்தான் எண்டு சொன்னீங்கள்" என்றாள்.

"ஃபைல் நம்மிடம் இருக்கிறதே" என்றான் சியோனே மெதுவாக. "கேசட் இல்லாவிட்டாலும் பாட்டு இருக்கிறது."

"அது அவவின்ர. அவ தந்தா இருக்கு, இல்லாட்டி இல்லை" என்றாள் தமிழில். பிறகு அவனுக்காக ஆங்கிலத்தில் சொன்னாள். அவன் தலையாட்டினான். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவன் கேட்கவே இல்லை. ஒப்படைப்புக்குப் பதினொரு நாட்கள் இருந்தன. குரல் இல்லாமல் அந்தத் தொகுப்பு வெறும் தாளம். அதைவிட, நேற்று இரவு தாளைப் பார்த்தது முதல் அம்மா தன்னோடு பேசவில்லை என்றாள்.

"கைப்பழக்கம் பிள்ளை" என்று அவளிடமும் சொன்னேன்.

அவர்கள் போன பிறகு நித்யா தன் நாற்காலியைத் திருப்பினாள். "கைப்பழக்கமா சார்? ஒரு பார்கோடை நாலு தடவை சரிபாக்குற ஆள் நீங்க. கம்மாவுக்கும் புள்ளிக்கும் என்னைத் திருப்பி அனுப்புவீங்க. உங்களுக்குக் கை தானாப் போகுமா?" அதில் கிண்டல் இருந்தது. நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் சொன்னது சரி. கை தானாகப் போகவில்லை. நான் யோசித்துத்தான் செய்தேன்.

எனக்கு ஒரு தம்பி இருந்தான். அவனும் இப்படித்தான் காணாமல் போனான், தவராசாவுக்குப் பல வருடங்களுக்கு முன்பு. எங்கள் அம்மா காத்திருந்தாள். ஒவ்வொரு கடிதத்திலும் அவனுக்கு ஒரு சட்டை தைத்து வைத்திருப்பதாக எழுதுவாள். அதை என்னால் தாங்க முடியவில்லை. படித்தவன், மூத்தவன் என்று நானே முடிவெடுத்து, அவனுக்கு ஈமச் சடங்கு செய்யச் சொல்லி, நினைவுப் புத்தகமும் அச்சிட்டு அனுப்பினேன். அம்மா அந்தப் புத்தகத்தைக் கையால் தொடவில்லை என்று சொன்னார்கள். அதற்குப் பிறகு எனக்கு அவள் கடிதம் எழுதவும் இல்லை. நான் செய்தது சரி என்று முப்பது வருடம் எனக்கு நானே சொல்லி வந்திருக்கிறேன். கோயிலில் வசந்தாவின் பொட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். காத்திருப்பது சரி என்றால் நான் செய்தது என்ன? அவளும் என்னைப் போலவே முடித்துக்கொள்ள வேண்டும் என்று விரும்பினேன். அந்த விருப்பத்தைத்தான் முட்டை வடிவத்துக்குள் வைத்து விளக்கேற்றினேன். இடைவெளி போய்விடும் என்ற அவசரம் எனக்கு வசதியாக அமைந்தது. அவசரம் இல்லாதிருந்தால் வேறொரு சாக்கு கண்டுபிடித்திருப்பேன்.

சனிக்கிழமை பின்னேரம் பாபகூராவில் வசந்தாவின் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவள் உள்ளே வரச் சொன்னாள். தேநீரும் தந்தாள். வந்தவனுக்குத் தேநீர் கொடுக்காமல் இருக்க அவளால் முடியாது, அவ்வளவுதான். மைதிலி அறைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளே இருந்தாள்.

மேலே எழுதியதை அப்படியே சொன்னேன். தம்பியைப் பற்றியும் அம்மாவைப் பற்றியும் சொன்னேன். கைப்பழக்கம் என்றது பொய் என்று சொன்னேன்.

முடிந்ததும், "உங்கட தம்பிக்கு நீங்கள் வைச்சது சரியோ பிழையோ எனக்குத் தெரியாது அண்ணை" என்றாள். "அது உங்கட வீட்டு விசயம். நான் ஒருநாள் வைப்பனோ, வைக்கமாட்டனோ, அதுவும் எனக்குத் தெரியாது. ஆனா வைச்சா அது என்ரை கையால நடக்கவேணும். உங்கட பாரத்தை ஏன் என்ரை புருசன்ர தலையில இறக்கினனீங்கள்?"

வசந்தா தன் கோப்பையைக் கையில் எடுத்தாள்.

"அந்தத் தாள் எல்லாத்தையும் என்ன செய்யப் போறியள்?"

"ஆலையில கூழாக்கிப் போடுவினம்."

"அவரின்ர முகத்தையோ?" கோப்பையைக் கீழே வைத்தாள். "வேண்டாம். நீங்கள் செய்ததை நீங்களே வைச்சிருங்கோ."

நூறு தாள்களும் இன்று என் கட்டிலுக்குக் கீழே இருக்கின்றன.

நான் எழுந்தேன். அறைக்குள்ளிருந்து மைதிலி வாசலுக்கு வந்து நின்றாள். வசந்தா அவளைப் பார்க்காமலே கேட்டாள்: "உன்ரை படத்தில முழங்கை ஒண்டு இருந்தது. அது எங்க?"

"அங்கிள் வெட்டிப்போட்டார்."

"அது சின்னத்தம்பி மாஸ்டர். கிழமைக்கு ரெண்டுதரம் அதே ரேடியோவைத் தூக்கிக்கொண்டு வருவார். ரேடியோவில ஒரு பிழையும் இருக்காது. இவரோட கதைக்கிறதுக்கு வாறவர்." சொல்லும்போது சிரித்துவிட்டாள். மைதிலி அம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஒரு நாளைக்கு மேல் பேசாமல் இருந்தவர்கள், மாஸ்டரின் வேறு கதைகளைப் பேசத் தொடங்கினார்கள். நான் இருந்ததை மறந்துவிட்டார்கள் என்று நினைத்துக் கதவருகே போனபோது வசந்தா கூப்பிட்டாள்.

"அண்ணை, இனி எதையும் அடிக்க முதல் எனக்குக் காட்டவேணும். இவளுக்கில்லை, எனக்கு."

"ஓம்."

அச்சு இடைவெளி போய்விட்டது. வெட்டும் இயந்திரம் மட்டும் ஒரு மணி நேரம் கிடைத்தது. வெறும் பழுப்பு அட்டையில் நூறு உறை வெட்டினோம். நித்யாவிடம் மன்னிப்புக் கேட்டேன். பின்பக்கத் துளைகளை அவள்தான் வரைந்து கொடுத்தாள், மைதிலி முதல் நாள் பென்சிலில் போட்டிருந்தபடியே. முழுப் படத்தையும் புகைப்படக் கடையில் நூறு பிரதி எடுத்தோம். வசந்தாவுக்குப் புரூஃப் அனுப்பினேன். மூன்று நாள் வைத்திருந்து ஒரே ஒரு திருத்தத்தோடு திருப்பினாள். வாசித்தவர்களின் பெயர்களைப் பட்டியலாகப் போட்டு, தவராசாவின் பெயரைக் கீழே தனியாக, கொஞ்சம் பெரிதாகப் போட்டிருந்தேன். அம்புக்குறி போட்டு அதைப் பட்டியலுக்குள் தள்ளியிருந்தாள். கிட்டார், டிரம்ஸ், பேஸ், கீபோர்டு, குரல். எல்லாம் ஒரே அளவு. கேசட்டையும் புரூஃப் வந்த கடித உறைக்குள்ளேயே வைத்துக் கொடுத்தனுப்பியிருந்தாள்.

அடுத்த சனிக்கிழமை ஆலையின் சாப்பாட்டு அறையில் படங்களை ஒட்டினோம். நாங்கள் ஒன்றை ஒட்டி முடிக்கும்முன் வசந்தா நாலை முடித்து அடுக்கிவிடுவாள். அவளுடைய தொழில் அதுதான். சியோனே பசையைத் தாராளமாக ஊற்றினான்.

"டேய் தம்பி, தோசைக்கு எண்ணெய் விடுறியோ? தொட்டுத் தடவு."

"வாட் டிட் ஷி சே?"

"நீ நல்லா செய்றியாம்" என்றாள் நித்யா ஆங்கிலத்தில். அவன் இன்னும் கொஞ்சம் ஊற்றினான்.

கடைசியில் பிரதிகளைப் பிரிக்கும் வேலை. எங்கள் தொழில் வழக்கம் உங்களுக்குத் தெரியும், இசைத்தட்டு என்றால் வாசித்த ஒவ்வொருவருக்கும் ஒரு பிரதி முதலில் எடுத்து வைக்க வேண்டும். நான் நான்கை எடுத்து, தபாலில் அனுப்பும் அட்டை உறைகளுக்குள் வைத்து, மாணவர் நால்வரின் பெயரையும் எழுதி வரிசையாக வைத்தேன். வசந்தா மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து, வேலையை நிறுத்தாமல், கண்ணால் எண்ணினாள்.

"ஒண்டு குறையுது அண்ணை."

பட்டியலைப் பார்த்தேன். ஐந்து பெயர்கள் இருந்தன. அவ்வளவும் நடந்த பிறகும் என் கை நான்கைத்தான் எடுத்திருந்தது.

இன்னொன்றை எடுத்தேன். மூலைகள் நசுங்காத, படம் கோணாத ஒன்றாகத் தேடி எடுத்து, அதே மாதிரி அட்டை உறைக்குள் வைத்து மூடினேன். மேலே தவராசாவின் பெயரை எழுதினேன். பெயருக்குக் கீழே, முகவரிக்கு இடம் விட்டேன்.